சங்கு குளித்தவரின் குரல்

சென்ற வாரம் என் பழைய அலுவலகத் தோழர் ஒருவர் போனில் கூப்பிட்டார். அவர் வீட்டில் பதினைந்து வருஷத்து ஸ்கேனர் ஒன்று இருக்கிறதாம். புதிய கம்ப்யூட்டர் வாங்கியதிலிருந்து அது வேலை செய்யவில்லையாம். "பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடட்டுமா?" என்றார். போடாதீர்கள், வழி இருக்கிறது என்றேன். அவர் கேட்க, நான் விளக்க, அரை மணி நேரம் கழித்து, "நீர் சொல்வது ஒன்றும் பிடிபடவில்லை. எழுதிப் போடும், படித்துக்கொள்கிறேன்" என்று வைத்துவிட்டார். அதனால்தான் இந்தப் பதிவு. ஆனால் ஸ்கேனரைப் பற்றி எழுதினால் எனக்கே தூக்கம் வந்துவிடும். நான் இந்த வித்தையைக் கற்றது வேறொரு பொருளுக்காக. அதில் நான் செய்த தவறு ஒன்றும் உண்டு. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2006-இல் என் மகன் ஊருக்கு வந்தபோது, கைக்கு அடக்கமான வாய்ஸ் ரெக்கார்டர் ஒன்று வாங்கி வந்தான். "சும்மா பழைய கதை சொல்லிக்கிட்டே இருக்கீங்களே, இதில் பேசி வையுங்கள்" என்று கொடுத்தான். என் கதை எனக்கே தெரியும், அதைப் பேசி என்ன செய்ய? திரேஸ்புரத்தில் ஒரு பெரியவர் இருந்தார். சங்கு குளித்தவர். பெயர் வேண்டாம், குடும்பத்தார் இங்கேதான் இருக்கிறார்கள். ஒரு மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்ததில் ஏற்பட்ட பழக்கம். நான் அண்ணாச்சி என்பேன், அவர் சார் என்பார். ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

சங்கு மணல் தரையில் கிடக்கும். முத்துச் சிப்பி அப்படியல்ல, கடலுக்கடியில் இருக்கும் பார் என்ற பாறைத் திட்டுகளில் ஒட்டி வளரும். நம் கரைக்கு எதிரே அப்படிப் பல பார்கள் உண்டு. தொளாயிரம் பார் என்ற பெயரை இந்த ஊர்க்காரர்கள் கேட்டிருப்பீர்கள். 1955-இல் தொடங்கிய முத்துக்குளிப்பு வரிசை 1961-இல் முடிந்தது. அதன் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு இல்லை. 1973-இல் இங்கே பக்கத்தில் வேப்பலோடையில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்து எடுத்தார்கள், அது விஞ்ஞானம். மனிதன் மூச்சை அடக்கி இறங்கி எடுத்த முத்து 1961-ஓடு சரி. அண்ணாச்சி அந்தக் கடைசி வருஷம் பதினெட்டு வயதுப் பையனாகத் தோணியில் போனவர். அதற்குப் பிறகு காலமெல்லாம் சங்கு.

மூன்று மாலை உட்கார்ந்து பேசினார். முதல் மாலை சங்கு. இரண்டாம் மாலை முத்து, 1961. மூன்றாம் மாலை பார்களின் பெயர்கள், கரையில் எந்தக் கோபுரத்தை எந்த மரத்தோடு நேர் வைத்துப் பார்த்தால் எந்த இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று தெரியும், இப்படி. பதினோரு துண்டுகளாகப் பதிவானது. வீட்டுக்கு வந்து ரெக்கார்டரை உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. எண்ணம் இருந்தது என்பதோடு பதின்மூன்று வருஷம் போயிற்று.

அண்ணாச்சி 2014-இல் காலமானார். 2019 ஜூலை மாதம் அவருடைய பேத்தி, கல்லூரியில் படிக்கும் பெண், என் வீடு தேடி வந்தது.

"சார் தாத்தா, எங்க தாத்தா பேசினத நீங்க பிடிச்சு வச்சிருக்கீங்களாமே. ஆச்சி கேக்கணும்ங்கா. போன மாசத்துல இருந்து படுக்கையிலதான் கெடக்கா. மாதா கோயில் கொடியேத்தத்துக்குள்ள கெடைக்குமா?"

பனிமய மாதா திருவிழாக் கொடியேற்றம் ஜூலை 26. அன்று தேதி 9. தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அலமாரியைத் திறந்தேன்.

நம் ஊர் உப்புக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரிக் கம்பிகள் பச்சை பூத்திருந்தன. திரை செத்துவிட்டது. பொத்தான்களை அமுக்கினால் எதுவும் நடக்கவில்லை. இயர்போன் துளை துருவேறி அடைத்திருந்தது. மிச்சம் இருந்தது ஓரத்தில் இருந்த சின்ன யு.எஸ்.பி. வாய் ஒன்றுதான். ஒரு நல்ல விஷயம், இந்த மாதிரிக் கருவிகளில் பேச்சு பதிவாவது ஃபிளாஷ் நினைவகத்தில். பேட்டரி போனாலும் அதில் இருப்பது போகாது. குரல் உள்ளேதான் இருக்கிறது, கதவுதான் திறக்க வேண்டும்.

என் கம்ப்யூட்டரில் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. என்னுடையது லினக்ஸ். 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் எக்ஸ்.பி.க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை நிறுத்தியபோது, என் மகன் அதை எடுத்துவிட்டு உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். பேத்தி அரசாங்கம் கொடுத்த இலவச மடிக்கணினியைக் கொண்டுவந்தது. அதில் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம், விண்டோஸ் ஒரு பக்கம். இரண்டும் கைவிரித்துவிட்டன. கடைவீதியில் ஒரு கடையில் காட்டினேன். பையன் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் இப்ப டிரைவர் கிடையாது சார், வேற வாங்கிக்கிடுங்க" என்றான். வேறு வாங்கலாம். வேறொன்றில் அண்ணாச்சி பேசமாட்டாரே.

டிரைவர் என்றால் என்ன என்று தோழருக்காகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்கும் கருவிக்கும் நடுவே நிற்கும் துபாஷி. பென் டிரைவ் போன்றவை எல்லோருக்கும் பொதுவான மொழியில் பேசும், அதனால் எங்கே செருகினாலும் திறக்கும். என் ரெக்கார்டர் அந்த ஜாதி இல்லை. அது தயாரித்த கம்பெனியின் தனி மொழியில் மட்டும் பேசும். அதற்கான துபாஷி கூடவே வந்த சி.டி.யில் இருந்தது, ஆனால் அது 32 பிட் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. இப்போது விற்கும் 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை உள்ளே விடவே விடாது. ஆக, இந்தக் கருவியோடு பேச ஒரு எக்ஸ்.பி. கம்ப்யூட்டர் வேண்டும். அது எங்கே கிடைக்கும்?

எதிர்வீட்டுத் தம்பி துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கிறார். அவரிடம் புலம்பியபோது சிரித்தார். "ஐயா, எக்ஸ்.பி. கம்ப்யூட்டர் வெளியே தேடாதீங்க. உங்க கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒண்ணு செய்வோம்" என்றார்.

மெய்நிகர் கணினி என்று இப்போது தமிழில் சொல்கிறார்கள், வர்ச்சுவல் மெஷின். ஒரு கம்ப்யூட்டருக்குள் வெறும் மென்பொருளாலேயே இன்னொரு கம்ப்யூட்டர். ஐ.பி.எம். கம்பெனி 1960-களிலேயே தன் பெரிய இயந்திரங்களில் இதைச் செய்துவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்ய வர்ச்சுவல்பாக்ஸ் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. இன்னோடெக் என்ற ஜெர்மன் கம்பெனி 2007-இல் வெளியிட்டது, மறுவருஷம் சன் கம்பெனி வாங்கியது, சன்னை ஆரக்கிள் வாங்கியது.

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. நான் காரைக்காலில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். பௌதிக வகுப்பில் கண்ணாடிக்குள் தெரியும் பிம்பத்தை 'இமாழ் விர்த்துவேல்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். மாயபிம்பம். வாத்தியார் அதன் இலக்கணமாகச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: திரையில் பிடிக்க முடியாதது எதுவோ அது விர்த்துவேல். கண்ணாடிக்குள் இருக்கும் ஆள் கையை நீட்டி மேசை மேல் இருக்கும் பேனாவை எடுக்க முடியாது. அப்படியிருக்க, விர்த்துவேல் கம்ப்யூட்டர் ஒன்று என் மேசை மேல் கிடக்கும் நிஜ ரெக்கார்டரை எப்படித் தொடும்?

தொடும் என்றார் தம்பி. அவர் அலுவலகத்தில் டிஜிட்டல் கையொப்பத்துக்காக ஒரு யு.எஸ்.பி. டோக்கன் இருக்கிறது, அதைத் தினமும் அப்படித்தான் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து எடுக்கிறார்களாம். (பிரெஞ்சில் பென் டிரைவை 'கிளே' என்பார்கள், சாவி. டோக்கனைப் பார்த்தபோது அந்தப் பேர்தான் அதற்கு இன்னும் பொருத்தம் என்று தோன்றியது.)

ஒரு சனிக்கிழமை வந்து வர்ச்சுவல்பாக்ஸைப் போட்டுக் கொடுத்தார். என் பழைய கம்ப்யூட்டரோடு வந்த எக்ஸ்.பி. சி.டி.யை நான் எறியாமல் வைத்திருந்தேன். என் மனைவி உயிரோடு இருந்தபோது அதற்காக வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. அதை வைத்து உள்ளே எக்ஸ்.பி.யை ஏற்றினோம். அந்தப் பச்சை மலை, நீல வானம் வந்தபோது பழைய பக்கத்து வீட்டுக்காரரைப் பஸ்ஸில் பார்த்த மாதிரி இருந்தது. பதிவு செய்யாமல் 30 நாள் ஓடும், நம் வேலைக்கு அது போதும். இணையத் தொடர்பை மட்டும் அதற்குக் கொடுக்கவில்லை. பாதுகாப்பு நின்றுபோன வீட்டுக்குத் தெருவாசல் வைக்கக்கூடாது என்றார் தம்பி. அத்தோடு அவருக்கு ஒரு கப்பல் வேலை வந்துவிட்டது. மீதியை நானே பார்க்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் தோழர் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஒரு யு.எஸ்.பி. கருவி ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரிடம்தான் இருக்கும். வெளியே இருக்கும் நிஜக் கம்ப்யூட்டர் அதை விட்டால்தான் உள்ளே இருப்பது எடுக்க முடியும். நம் பாஷையில் சொன்னால் இது பொறுப்பு ஒப்படைப்பு. ஒரு அலுவலகத்தில் பணிவிடுப்பு ஆன பிறகுதான் இன்னொன்றில் பணியேற்க முடியும், இரண்டு வருகைப் பதிவேட்டில் ஒரே ஆள் கையெழுத்துப் போட முடியாது. மெய்நிகர் கணினியின் சன்னலில் 'டிவைசஸ்' என்ற மெனுவில் யு.எஸ்.பி. என்று இருக்கும். அதில் செருகியிருக்கும் கருவிகளின் பட்டியல் வரும். வேண்டியதைத் தொட்டால் அது வெளியே விடுப்பாகி உள்ளே பணியேற்கும். வெளியிலிருந்து பார்த்தால் யாரோ கம்பியைப் பிடுங்கியது போல இருக்கும். ஆகவே பென் டிரைவ் போன்றவற்றை உள்ளே அனுப்பும் முன் வெளியே முறையாக மூடிவிட வேண்டும், எழுதிக்கொண்டிருக்கும்போது அனுப்பினால் கோப்பு கெடும்.

என் பட்டியல் காலியாக இருந்தது.

கருவி செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்க லினக்ஸில் எல்.எஸ்.யு.எஸ்.பி. என்றொரு கட்டளை உண்டு. அதில் ரெக்கார்டர் தெரிந்தது. நான்கு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நான்கு எழுத்து. முதல் நான்கு தயாரித்த கம்பெனியின் எண், அடுத்தது அந்த மாடலின் எண். இறந்துபோனதாக நான் நினைத்த கருவி தன் பெயரைச் சொல்கிறது! ஆனால் உள்ளே அனுப்பும் பட்டியலில் மட்டும் இல்லை. ஒரு பகல் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, கையேட்டில் ஒரு வரியில் காரணம் இருந்தது. லினக்ஸில் யார் வேண்டுமானாலும் கருவியை உள்ளே அனுப்பிவிட முடியாது. 'விபாக்ஸ்யூசர்ஸ்' என்ற பயனர் குழுவில் நம் பெயர் இருக்க வேண்டும். சேர்த்தேன். அப்போதும் வரவில்லை. சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் அது நடைமுறைக்கு வருமாம். உத்தரவு போட்டாயிற்று, ஆள் சீட்டை விட்டு எழுந்து புதுச் சீட்டில் உட்காரவில்லை என்றால் எப்படி? முப்பத்தைந்து வருஷம் கோப்பு நகர்த்தியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மறுபடி வந்து பார்த்தால் பட்டியலில் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. சந்தோஷத்தில் ஒரு வரி மேலே தொட்டுவிட்டேன். அது என் மவுஸ். மவுஸ் எக்ஸ்.பி.க்குள் போய்ப் பணியேற்றுக்கொண்டது. வெளியே அம்பு அசையவில்லை. திருப்பி அழைக்கவும் மவுஸ் வேண்டும்! கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகியதும் வெளியே வந்துவிட்டது என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் வியர்த்துவிட்டது.

அடுத்து வேகம். யு.எஸ்.பி. 1996-இல் வந்தது. அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் இன்டெல் கம்பெனியில் இருந்த அஜய் பட், பரோடாவில் படித்தவர். முதல் தலைமுறையின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். 2000-இல் வந்த இரண்டாம் தலைமுறை 480. மூன்றாவது 5,000. மெய்நிகர் கணினியின் அமைப்பில் இந்த மூன்றில் எந்த வகை வாசலை உள்ளே வைப்பது என்று நாம்தான் சொல்ல வேண்டும். வைப்பதுதான் வைக்கிறோம், பெரிதாக வைப்போம் என்று மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். எக்ஸ்.பி. 2001-இல் பிறந்தது, மூன்றாம் தலைமுறையை அது கண்ணால் கண்டதில்லை. மஞ்சள் குறியைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டது. மெய்நிகர் கணினியை அணைத்து, முதல் வகைக்கு மாற்றி, மறுபடி எழுப்பினேன். பேச்சு பதியும் சின்னக் கருவிக்கு அந்த வேகம் போதும். தோழரின் ஸ்கேனருக்கு இரண்டாம் வகை வேண்டியிருக்கும். அன்றைக்கு அதற்கு எக்ஸ்டென்ஷன் பேக் என்றொரு கூடுதல் பொட்டலம் தனியாகப் போட வேண்டும், தம்பி முதலிலேயே போட்டிருந்தார். 2022-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து யு.எஸ்.பி.க்காக அது தேவையில்லை.

டிரைவர் சி.டி.யை ஏற்றி, ரெக்கார்டரை உள்ளே அனுப்பினேன். "புதிய வன்பொருள் கண்டறியப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கட்டம், ஒரு மணி ஓசை. கண்ணாடிக்குள் இருந்தவன் கையை நீட்டிப் பேனாவை எடுத்துவிட்டான்.

எடுத்தவன் கீழே போட்டான். கம்பெனியின் மென்பொருளைத் திறந்ததுமே தொடர்பு அறுந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி அறுந்தது. சில கருவிகள் வேலை தொடங்கும்போது தங்களைத் தாங்களே ஒருமுறை அணைத்து எழுப்பிக்கொள்ளும். அந்த ஒரு நொடியில் கணக்குப்படி அது புதிதாகச் செருகிய கருவி, ஆகவே வெளியே இருக்கும் கம்ப்யூட்டர் தன்னுடையது என்று பிடித்துக்கொள்கிறது. இதற்கு மருந்து, அமைப்பில் வடிகட்டி ஒன்று எழுதி வைப்பது. அந்த எட்டு எழுத்து எண்ணைக் கொடுத்து, இந்த எண்ணுள்ள கருவி எப்போது வந்தாலும் கேள்வி கேட்காமல் உள்ளே அனுப்பு என்று நிலையாணை போடுவது. கம்பெனி எண், மாடல் எண் இரண்டை மட்டும் வைத்து மற்றக் கட்டங்களைக் காலியாக விட்டேன். அதன் பிறகு அறுந்தாலும் தானாக உள்ளேயே போய் நின்றது.

பட்டியல் வந்தது. பதினோரு கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 2006-ஆம் வருஷத் தேதி, நிமிஷக் கணக்கு. ஐந்தாவது மட்டும் 47 நிமிஷம். அதுதான் இரண்டாம் மாலையின் தொடக்கம். அண்ணாச்சி 1961 பற்றி ஒரே மூச்சில் பேசியது.

இனி என் தவறு.

அந்த மென்பொருளில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று நகல் எடுப்பது, ஒன்று நகர்த்துவது. நான் நகர்த்தும் பொத்தானை அமுக்கினேன். ஏன் என்று கேட்டால், சர்வீஸ் முழுக்கக் கோப்பை நகர்த்திப் பழகிய கை என்றுதான் சொல்ல வேண்டும். நகல் என்றால் மூலம் அங்கேயே இருக்கும். நகர்த்தினால் இங்கே வந்ததும் அங்கே அழிந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் நல்லபடியாக வந்தன. ஐந்தாவதில் பச்சைக் கோடு பாதியில் நின்றது. ஐந்து நிமிஷம் பார்த்தேன். பத்து நிமிஷம் பார்த்தேன். யு.எஸ்.பி. வாய் உப்பில் அரித்ததுதானே, கம்பி லூசாக இருக்கும் என்று கையால் லேசாக அசைத்தேன்.

மணி ஓசை. தொடர்பு போயிற்று. வடிகட்டி தன் வேலையைச் சரியாகச் செய்தது, கருவி உடனே திரும்ப வந்து நின்றது. பட்டியலைப் பார்த்தேன். ஆறு கோப்புகள் இருந்தன. ஐந்தாவது இல்லை. எக்ஸ்.பி. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பெயர் இருந்தது. அளவு பூஜ்யம்.

அங்கே விடுப்பு ஆகிவிட்டது, இங்கே பணியேற்கவில்லை. ஆள் நடுவழியில் காணாமல் போய்விட்டார்.

அன்றைக்குச் சாப்பிடவில்லை. எதிர்வீட்டுத் தம்பி இரவு பத்து மணிக்கு வந்து ஒன்றரை மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தார். "ஐயா, பென் டிரைவா இருந்தா அழிஞ்சதத் தோண்டி எடுக்கலாம். இது அவன் சொந்தமா அடுக்கி வச்ச பெட்டி, அடுக்கு முறை நமக்குத் தெரியாது" என்றார். மீதி ஆறையும் நகல் பொத்தானால் எடுத்தோம். ஆறும் வந்தன. எல்லாவற்றையும் அதே மென்பொருளில் சாதாரண ஒலிக்கோப்பாக மாற்றி வெளியே கொண்டுவந்தோம். மாற்றியிராவிட்டால் இன்னும் பத்து வருஷம் கழித்து இதே கதையை மறுபடி பாட வேண்டியிருக்கும். பிறகு பென் டிரைவ் ஒன்றில், பேத்தியின் மடிக்கணினியில், என் மகனுக்கு ஒரு பிரதி என்று மூன்று இடத்தில் வைத்தோம்.

ஜூலை 24 மாலை திரேஸ்புரம் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசனை. வேறு யாருக்கும் தெரியாது, பத்து கோப்புதான் இருந்தது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் எந்தச் சரக்கில் குறைவு என்றாலும் பதிவேட்டில் குறைவு என்று எழுதிப் பழகிவிட்டோம். வாசலிலேயே பேத்தியிடம் சொல்லிவிட்டேன். முத்துக்குளித்த கதை இருந்த பெரிய துண்டு போய்விட்டது, என் கைப்பிழை, கம்பியை அசைத்துவிட்டேன் என்று.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எம்புட்டு நேரம் தாத்தா அது?" என்று மட்டும் கேட்டது. நாற்பத்தேழு நிமிஷம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே கூட்டிப்போனது.

மதினி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை, காது நன்றாக இருந்தது. மடிக்கணினியைப் பக்கத்தில் வைத்து முதல் கோப்பைப் போட்டோம். முதலில் கடல் இரைச்சல், காக்கா, யாரோ தூரத்தில் படகு மோட்டாரைக் கிளப்பும் சத்தம். பிறகு, "பேசலாமா சார்? இதுல சொவப்பு வெளக்கு எரியுதே, அது சரியா?" என்று அண்ணாச்சி.

மதினி கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். வீட்டில் இருந்த அத்தனை பேரும் கட்டிலைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

சங்கு எப்படி மணலில் புதைந்து கிடக்கும், அது ஊர்ந்து போன தடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, காதில் வலி எந்த ஆழத்தில் தொடங்கும், ரத்தம் வந்தால் என்ன செய்வார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். "பன்னெண்டு பாகத்துல எறங்கி ஒரே மூச்சுல அஞ்சு சங்கு எடுத்தவன் நான்" என்று ஒரு இடத்தில் வந்தது. ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், ஆறடி.

"நிப்பாட்டு" என்றார் மதினி. நிறுத்தினோம்.

"பொய் சொல்லுதாரு. பத்துப் பாகந்தான். பன்னெண்டுல எறங்கினது அவரு தம்பி. அன்னைக்கு இவரு தோணியில கயிறு பிடிச்சிட்டு இருந்தாரு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மதினியும்.

பார்களின் பெயர்களைச் சொல்லும் மூன்றாம் மாலையில், தொளாயிரம் பாரைச் சொல்லிவிட்டு அடுத்த பேருக்கு வாயெடுக்கும்போது ஒரு சின்னக் குழந்தையின் குரல் குறுக்கே வந்தது. "தாத்தா, ஐசுக்கு ரெண்டு ரூவா." அண்ணாச்சி, "சார்கிட்ட பேசிட்டிருக்கேன்ல, போ பிள்ள" என்கிறார். குழந்தை போகவில்லை. சட்டைப் பையில் சில்லறை குலுங்கும் சத்தம் கேட்கிறது. "இந்தா, ஓடு. எங்க சார் விட்டேன்?" நான் எடுத்துக் கொடுக்கிறேன், அவர் தொடர்கிறார். எனக்கு இது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

பேத்தி எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டது. சற்று நேரம் கழித்துத்தான் திரும்ப வந்தது.

போன கோப்பைப் பற்றி மதினியிடமும் சொன்னேன். 1961 கதை என்றேன். "அதுவா," என்றார். "அந்த வருஷந்தான் எங்களுக்குப் பேசி முடிச்சாவ. முத்து வித்த காசுல மோதிரம் வாங்கித் தாரேன்னாரு. வாங்கின பாடில்ல. அதயும் ஒங்ககிட்ட சொன்னாரா?"

சொல்லவில்லை என்றேன். உண்மையில் சொன்னாரா என்று எனக்கு நினைவில்லை. பேத்தி போனை எடுத்துப் பதிவு பொத்தானை அமுக்கி மதினியின் தலையணை மேல் வைத்தது. நான் விடைபெற எழுந்தேன். மதினி, "கெளம்புறதுக்கு முன்னால அந்த ஐசு கேக்குற எடத்த இன்னொரு தடவ போடச் சொல்லுங்க" என்றார்.

தோழரே, ஸ்கேனரையும் அதன் சி.டி.யையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வாருங்கள்.